மின் மோட்டார்: அடக்குதலும் ஆளுதலும்

மனிதன் ஆக்கிய யந்திரங்களுள் மிகுதியாக உழைப்பதும் குறைவாகப் பேசப்படுவதும் மின் மோட்டார்தான். தாம்பரத்தில் ஒரு வீட்டின் மாடித் தொட்டிக்கு நீர் ஏற்றுவது அது. கிண்டித் தொழிற்பேட்டையில் லேத்தைச் சுழற்றுவது அது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மக்களை ஏற்றி வரும் மின்சார ரயிலை இழுப்பதும் அதுவே. இத்தனை வேலைகளையும் செய்யும் இந்த ஊழியனிடம் ஒரு பிடிவாதம் உண்டு. தொழிற்சாலைகளில் பெருவழக்காக உள்ள மோட்டாரை மின்சாரத்தோடு இணைத்துவிட்டால், அது தனக்கென்று அமைந்த ஒரே வேகத்தில்தான் சுழலும். வேலையோ எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. பகலில் வேண்டும் நீர் இரவில் வேண்டுவதில்லை. ஓடும் ரயில் நிற்க வேண்டும், நின்ற ரயில் ஓட வேண்டும். பிடிவாதம் மிக்க மோட்டாரை வேலையின் அளவுக்கு ஏற்பச் சுழலச் செய்வது எப்படி? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஒன்றைக் கட்டுப்படுத்த இரண்டு வழிகள் உண்டு: ஒன்று அடக்குதல், மற்றொன்று ஆளுதல். வண்டியோட்டி ஒருவன் தார்க்கோலால் காளைகளை விரட்டிக்கொண்டே, வேகம் மிகாதிருக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வண்டி மெதுவாகத்தான் போகும். ஆனால் காளைகளின் உழைப்பில் பெரும்பகுதி கட்டையைத் தேய்ப்பதிலேயே கழியும். இது அடக்குதல். காளைகளையே மெல்ல நடக்கச் செய்பவன் ஆளுகிறான். கேட்கும்போது முன்னதன் பேதைமை வெளிப்படையாகத் தெரிகிறது. ஆயினும் நம் தொழிற்கூடங்கள் பலவற்றில் பம்பு முழு வேகத்தில் ஓட, நீர் மிகாதிருக்கக் குழாயில் உள்ள வால்வைப் பாதி மூடி வைத்திருக்கிறார்கள். விசிறி முழு வேகத்தில் சுழல, காற்று வழியைத் தகட்டால் மறைத்திருக்கிறார்கள். அங்கே தேய்வது மரக்கட்டை அன்று, மின்சாரம். அது கண்ணுக்குத் தெரிவதில்லையாதலால் எவரும் வருந்துவதில்லை.

மோட்டாருக்கு இந்தப் பிடிவாதம் ஏன் வந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1888ஆம் ஆண்டில் இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸும் அமெரிக்காவில் நிகோலா டெஸ்லாவும், ஒருவரை ஒருவர் சாராமல், சுழலும் காந்தப்புலத்தால் இயங்கும் மோட்டாரை உலகுக்கு அறிவித்தனர். அடுத்த ஆண்டில் டோலிவோ டோப்ரோவோல்ஸ்கி என்பவர் அதனை மூன்று கட்ட மின்சாரத்தால் இயங்கும் உறுதியான வடிவில் அமைத்தார். இன்றைய தொழிற்சாலைகளில் காணும் தூண்டல் மோட்டார் பெரும்பாலும் அவ்வடிவமே.

அதன் தத்துவம் எளிது. திருவிழாவில் ராட்டினம் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று பேர் வட்டமாக நின்று ஒருவர் பின் ஒருவராகத் தள்ளினால் ராட்டினம் இடையறாது சுழலும். அவர்கள் எவ்வளவு விரைவாகக் கை மாற்றித் தள்ளுகிறார்களோ அவ்வளவு விரைவாக அது சுழலும். மோட்டாரின் வெளிப்பகுதியில் உள்ள மூன்று கம்பிச் சுருள் தொகுதிகள் அந்த மூவரைப் போன்றவை. அவற்றில் மின்னோட்டம் முறைவைத்து ஏறி இறங்குவதால், உள்ளே ஒரு காந்தப்புலம் சுழல்கிறது. நடுவில் உள்ள சுழலியை அப்புலம் தன்னோடு இழுத்துச் செல்கிறது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. இதனை 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் என்கிறோம். இரு துருவ மோட்டாரில் காந்தப்புலம் நிமிஷத்துக்கு 3,000 முறை சுழலும். நான்கு துருவ மோட்டாரில் 1,500 முறை. ஆறு துருவ மோட்டாரில் 1,000 முறை. அதிர்வெண்ணை 120ஆல் பெருக்கித் துருவங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் இவ்வேகம் கிடைக்கும். சுழலி மட்டும் சற்றே பின்தங்கி, 1,500க்குப் பதிலாக 1,440 என்பது போன்ற வேகத்தில் ஓடும். அது புலத்தை எட்டிப் பிடித்துவிட்டால் அதில் மின்னோட்டம் தூண்டப்படாது, இழுவிசையும் எழாது. ஆகையால் இந்தப் பின்னடைவு குறையன்று. மோட்டாருக்கு உயிர் அதுவே.

ஆகவே வேகத்தை மாற்ற வேண்டுமானால் துருவங்களை மாற்ற வேண்டும். அல்லது அதிர்வெண்ணை மாற்ற வேண்டும். துருவங்கள் மோட்டாரைச் செய்யும்போதே சுற்றப்பட்டுவிட்டன. அதிர்வெண்ணோ நம் ஒருவர் கையில் இல்லை. 2013 டிசம்பர் 31ஆம் நாள் தென்னக மின்வலை ஏனைய இந்திய மின்வலையோடு ஒன்றாக இணைக்கப்பட்டது முதல், நாடு முழுவதும் ஒரே தாளம். காஷ்மீரத்தில் சுழலும் மோட்டாரும் தாம்பரத்தில் சுழலும் மோட்டாரும் அந்தத் தாளத்துக்கே ஆடுகின்றன. ஒரு பம்புக்காக அதனை மாற்ற இயலுமா?

இயலாது என்றிருந்த காலத்தில், வேகத்தை மாற்ற வேண்டிய இடங்களில் வேறு வகை மோட்டாரை நாடினர். அதற்குச் சிறந்த சான்று நம் வாசலிலேயே இருக்கிறது. 1931ஆம் ஆண்டில் தென்னிந்திய ரயில்வே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயிலை ஓடவிட்டது. மேலே சென்ற கம்பியில் 1,500 வோல்ட் நேர்த்திசை மின்சாரம் ஓடிற்று. நேர்த்திசை மோட்டாரின் வேகம், அதற்குத் தரும் வோல்ட் அளவைப் பொறுத்தது. வோல்ட்டைக் குறைத்தால் வேகம் குறையும். ஆனால் கம்பியில் வருவதோ மாறாத 1,500 வோல்ட். நின்றிருக்கும் மோட்டாரில் அதனை அப்படியே பாய்ச்சினால் கம்பிச் சுருள் கருகிவிடும். ஆகவே புறப்படும்போது மோட்டாரோடு பெரிய மின்தடைகளைச் சேர்த்து, வண்டி வேகம் பெறப் பெற அவற்றை ஒவ்வொன்றாக விலக்கினார்கள்.

மின்தடை என்பது முன்பு கூறிய முட்டுக்கட்டைதான். தடைகளை மட்டும் கொண்டு புறப்படும் முறையில், மோட்டாருக்கு முழு வோல்ட்டும் கிடைக்கும் வரை வாங்கிய சக்தியில் பாதி, தடைகளில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். இதனைக் கணக்கிட்டே காட்டலாம். மோட்டார்களை முதலில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்துப் பின்னர் பக்கமாக இணைக்கும் உபாயத்தால், இழப்பைப் பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறைக்கலாம். நீண்ட தூரம் நில்லாமல் ஓடும் வண்டியில் இவ்விழப்பு பெரிதன்று. புறநகர் வண்டியோ நின்று நின்று செல்வது. இன்று கடற்கரை முதல் தாம்பரம் வரை 18 நிலையங்கள் உள்ளன. எங்கும் நிற்கும் வண்டி ஒரு பிரயாணத்தில் 17 முறை புறப்படுகிறது. பதினேழு முறையும் இந்த வரி கட்டியாக வேண்டும்.

1960களில் இப்பாதை 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு மாற்றப்பட்டது. வண்டியிலேயே மின்மாற்றி ஒன்றை வைத்து, வேண்டிய வோல்ட்டைப் படிப்படியாக எடுத்து, அதனை நேர்த்திசையாக்கி மோட்டாருக்குத் தந்தார்கள். தடைகளில் எரிந்த சக்தி பெரும்பாலும் மிச்சமாயிற்று. பின்னர் அகலப் பாதை வந்தது. 2004ஆம் ஆண்டில் மீட்டர்கேஜ் மின்ரயில் விடைபெற்றது. ஆயினும் இரண்டு குறைகள் எஞ்சியிருந்தன. நேர்த்திசை மோட்டாரில் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கரித்துண்டுகள் உரசித் தருகின்றன. அவை தேயும், தூசி விடும், அடிக்கடி மாற்றவும் வேண்டும். இது ஒரு குறை. மற்றொன்று, வண்டியை நிறுத்தும்போது அதன் இயக்க சக்தி முழுவதும் பிரேக் கட்டைகளில் வெப்பமாய் அழிவது. 400 டன் எடையுள்ள வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். அதன் இயக்க சக்தி 8 கோடி ஜூல்; நாம் கட்டணம் செலுத்தும் கணக்கில் ஏறக்குறைய 22 யூனிட். பதினேழு நிலையங்களில் நிற்கும்போது இது 370 யூனிட்டைத் தாண்டும்.

இவ்விரு குறைகளையும் தீர்க்க வல்லது, கரித்துண்டே இல்லாத தூண்டல் மோட்டார்தான். அதற்கு வேண்டுவது, நம் விருப்பப்படி அதிர்வெண்ணை ஆக்கித் தரும் ஒரு கருவி. கருவியின் தத்துவம் நெடுங்காலமாகத் தெரிந்ததே. கிடைக்காதிருந்தது ஒரு நல்ல சுவிட்சு. நூற்றுக்கணக்கான வோல்ட்டையும் ஆம்பியரையும் தாங்கி, விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை மூடித் திறக்கும் சுவிட்சு வேண்டும். 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் தைரிஸ்டர் பிறந்தது. அது பெருஞ்சக்தியைத் தாங்கும். ஆனால் ஒருமுறை திறந்தால் தானாக மூடுவதற்கு எளிதில் இணங்காது. அக்குறையைத் தீர்த்து 1980களின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தில் உருவானது ஐ.ஜி.பி.டி. என்னும் குறைகடத்தி. அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையாகப் போற்றப்படுபவர் பி. ஜயந்த் பாலிகா. அவர் 1948இல் சென்னையில் பிறந்தவர். கிண்டியை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று 1969இல் பட்டம் பெற்றவர். மோட்டாரின் வேகத்தைச் சிக்கனமாக மாற்ற வேண்டும் என்ற தேவையே அந்த ஆராய்ச்சியைத் தூண்டிய காரணங்களுள் ஒன்று. 2014இல் ஐ.இ.இ.இ. சங்கத்தின் உயரிய பதக்கமும், 2024இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசும் அவருக்கு வழங்கப்பட்டன. தாம்பரம் ரயில் கிண்டியைக் கடக்கும்போது, அங்கே பயின்ற மாணவர் ஒருவரின் சிந்தனை அதே ரயிலின் அடியில் உழைக்கக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதிர்வெண்ணை மாற்றும் இக்கருவியைத் தொழிற்சாலைகளில் 'வி.எஃப்.டி.' என்றும், சுருக்கமாக 'டிரைவ்' என்றும் வழங்குவர். நாம் இயக்கி என்று சொல்லலாம். இது மூன்று படிகளில் வேலை செய்கிறது. முதற்படியில், வரும் மூன்று கட்ட மின்சாரத்தை ஆறு டையோடுகள் நேர்த்திசையாக்குகின்றன. 415 வோல்ட் மின்சாரம் இங்கே ஏறக்குறைய 560 வோல்ட் நேர்த்திசையாக மாறுகிறது. இரண்டாம் படியில், பெரிய மின்தேக்கிகள் அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்து, ஏரி நீரைத் தேக்குவதுபோல் மின்சாரத்தைத் தேக்கி வைக்கின்றன. நாட்டின் தாளம் இந்த ஏரியோடு நின்றுவிடுகிறது. மூன்றாம் படியில், ஆறு ஐ.ஜி.பி.டி. சுவிட்சுகள் மதகுகளைப் போல விரைந்து திறந்து மூடி, புதிய மூன்று கட்ட மின்சாரத்தை ஆக்குகின்றன. திறப்பு நீண்டால் சராசரி வோல்ட் மிகும், சுருங்கினால் குறையும். இவ்வாறு சிறிதும் பெரிதுமான துடிப்புகளை அடுக்கி, 10 ஹெர்ட்ஸோ 37 ஹெர்ட்ஸோ, வேண்டிய அலையை வடித்தெடுக்கலாம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம்: அதிர்வெண்ணை மட்டும் குறைத்தால் போதாதா? போதாது. மோட்டாரின் உள்ளே எழும் காந்த வலிமை, வோல்ட்டை அதிர்வெண்ணால் வகுத்த ஈவைப் பொறுத்தது. 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றால் ஈவு 8.3. வோல்ட்டை அப்படியே விட்டு அதிர்வெண்ணை 25 ஆக்கினால் ஈவு இருமடங்காகும். இரும்பு அவ்வளவு காந்தத்தை ஏற்காது. மின்னோட்டம் பெருகி மோட்டார் சூடேறும். ஆகவே 25 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 207 வோல்ட் என்று, இரண்டையும் ஒன்றாகவே குறைக்க வேண்டும். இயக்கி இதனைத் தானே கவனித்துக்கொள்கிறது. மேலும், நேரடியாக இணைத்த மோட்டார் புறப்படும்போது வழக்கத்தைப் போல் ஆறேழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். தெருவில் விளக்குகள் மங்கும். இயக்கியோ மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் தொடங்கி மெல்ல உயர்த்துவதால் அந்த அதிர்ச்சி இல்லை.

இனி ரயிலுக்கு வருவோம். அண்மை ஆண்டுகளில் இத்தகைய மூன்று கட்ட மோட்டார் வண்டிகள் சென்னைப் புறநகர்ப் பாதைக்கு வந்துள்ளன. 2025 ஏப்ரலில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கற்பட்டுக்கு ஓடத் தொடங்கிய, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் கட்டிய குளிர்சாதன வண்டியும் இவ்வகையினதே. மீனம்பாக்கம் விமான நிலையம் வரை வரும் மெட்ரோ ரயிலும் அவ்வாறே. இவ்வண்டி நிற்க வேண்டும்போது, இயக்கி அதிர்வெண்ணைச் சுழலியின் வேகத்துக்குக் கீழே இறக்குகிறது. அப்போது புலம் பின்னாலும் சுழலி முன்னாலும் செல்கின்றன. பின்தங்கிய சுழலி இழுக்கப்பட்டது. முந்திய சுழலியோ புலத்தை இழுக்கிறது. அந்தக் கணத்தில் மோட்டார் மின்னாக்கியாக மாறிவிடுகிறது. வண்டியின் இயக்க சக்தி மின்சாரமாகிக் கம்பிக்கே திரும்பி, அருகில் புறப்படும் வேறொரு வண்டிக்கு உதவுகிறது. உராய்விலும் வெப்பத்திலும் போவது போக எஞ்சியதே மீளும்; ஆனாலும் முன்பு முழுவதும் சாம்பலான சக்தி அது.

தொழிற்சாலையில் இதன் பயன் வேறு வகையில் தோன்றும். விசிறிகளுக்கும் பம்புகளுக்கும் உரிய விதி ஒன்று உண்டு. வேகத்தை எத்தனை பங்கு குறைக்கிறோமோ அத்தனை பங்கு காற்றோ நீரோ குறையும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். வேண்டும் சக்தியோ வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் குறையும். நூற்றுக்கு 80 வேகம் என்றால் சக்தி 0.8இன் கனம், அதாவது 0.512. ஐந்தில் ஒரு பங்கு காற்றைக் குறைத்தால் சக்தியில் ஏறக்குறைய பாதி மிச்சம்! பெருங்குடியில் உள்ளதைப் போன்ற கழிவுநீர்த் தூய்மை நிலையங்களில், நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊட்டும் தேவை நேரத்துக்கு நேரம் மாறும். பெரிய கட்டடங்களின் குளிர்சாதன விசிறிகளும் அப்படியே. 10 கிலோவாட் விசிறி ஒன்று, தகட்டால் மறைத்தபோது 9 கிலோவாட்டும், இயக்கியால் வேகம் குறைத்தபோது 5.5 கிலோவாட்டும் இழுப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 12 மணி, ஆண்டில் 300 நாள் ஓடினால் மிச்சம் 12,600 யூனிட். இது ஒரே ஒரு விசிறியின் கணக்கு.

ஆயினும், எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று எண்ணிவிடலாகாது. அடுக்குமாடி வீட்டின் உச்சித் தொட்டிக்கு நீர் ஏற்றும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பகுதி உழைப்பு, நீரை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கே செலவாகிறது. வேகத்தை மிகக் குறைத்தால் அழுத்தம் அவ்வுயரத்தை எட்டாது. மோட்டார் சுழலும், நீர் ஏறாது. கன விதியை அங்கே அப்படியே பொருத்திப் பார்த்தவர் ஏமாற்றமே அடைவர். எப்போதும் முழு வேகத்தில் ஓடவேண்டிய மோட்டாருக்கும் இயக்கியால் சிக்கனம் இல்லை. இயக்கி தானே சிறிது சக்தியை உண்பதால் செலவு சற்று ஏறவும் கூடும். மெதுவாக ஓடும் மோட்டாரில், அதன் அச்சில் உள்ள குளிர்விசிறியும் மெதுவாகவே சுழல்வதால், சுமை மிகுந்திருந்தால் சூடு மிகும். சாதாரண இயக்கியின் டையோடுகள் மின்சாரத்தை ஒரு வழியே விடுவதால், ரயிலில் போலச் சக்தியைத் திருப்பி அனுப்பவும் அதனால் இயலாது. வேகத்தை விரைந்து தணிக்க வேண்டிய இடங்களில் அதனை மீண்டும் மின்தடையில்தான் எரிக்கிறார்கள்.

மாணவர்கள் மறவாதிருக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் இயக்கியின் மின்தேக்கிகளில் உயிரைப் போக்கத்தக்க மின்சாரம் சில நிமிஷங்கள் தங்கியிருக்கும். விளக்கு அணைந்தது, மோட்டார் நின்றது என்று நம்பி மூடியைத் திறந்து கை வைப்பது பேராபத்து. செய்தவர் குறித்துள்ள நேரம் வரை காத்திருந்து, வோல்ட்மானியால் சோதித்துப் பார்த்த பின்பே தொட வேண்டும். பட்டறைகளில் பயிற்சி பெறும் இளைஞர்களுக்கு நான் வேறெதைச் சொல்லாவிடினும் இதனைச் சொல்லாமல் இருப்பதில்லை.

இவற்றையெல்லாம் நூலில் படிப்பதோடு நில்லாமல் நேரில் காணவும் கேட்கவும் உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. புதிய வகை ரயிலோ மெட்ரோவோ புறப்படும்போது அதன் அடியிலிருந்து இசைபோல் எழும் ரீங்காரத்தைச் செவிமடுத்துக் கேளுங்கள்; அது இயக்கியின் சுவிட்சுகள் அலையை வடிக்கும் ஓசை. பின்னர் உங்கள் கல்லூரியிலோ அருகில் உள்ள தொழிற்கூடத்திலோ, அனுமதி பெற்று, பம்பு அறைக்குள் சென்று பாருங்கள். அங்கே பாதி மூடிய வால்வு ஒன்று இருந்தால், ஏன் மூடியிருக்கிறது, எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது, மோட்டார் அப்போது எத்தனை கிலோவாட் இழுக்கிறது, நீரைத் தூக்க வேண்டிய உயரம் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு விடைகளும் கிடைத்துவிட்டால், அந்த இடத்துக்கு இயக்கி வேண்டுமா, வேண்டாவா என்று நீங்களே கணக்கிட்டுச் சொல்லலாம். அக்கணக்கைச் செய்ய வல்ல இளைஞர் ஒருவர் ஒவ்வொரு தொழிற்கூடத்திலும் இருந்தால், இன்று வால்வுகளில் வீணே தேயும் மின்சாரத்தில் ஒரு பெரும்பங்கு நாட்டுக்கு மிஞ்சும்.